சம்பளமா, போனஸா, நேரமா, மேலாளரா? ஆட்கள் விலகுவதைத் தடுக்க எதில் செலவிடுவது

நூறு பேர் வேலை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில், ஓராண்டில் 24 பேர் தாங்களாகவே விலகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் கூடிப் பேசுகிறது. எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்றலாம் என்கிறார் ஒருவர். நன்றாக வேலை செய்பவர்களுக்கு மட்டும் இன்சென்டிவ் கொடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மாதம் ஒரு விருது, பதவி உயர்வு எனப் பட்டியல் நீள்கிறது. எல்லோர் வாயிலும் வருவது ‘ஊக்கம்’ என்ற ஒரே சொல். அதற்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்பதை அந்த அறையில் யாரும் கவனிப்பதில்லை.

ஒருவரை உழைக்க வைப்பது வேறு, இருக்க வைப்பது வேறு. நல்ல இன்சென்டிவ் திட்டத்தில் ஒருவர் உயிரைக் கொடுத்து உழைத்துவிட்டு அடுத்த மாதமே போகலாம். மூன்று ஆண்டு முடிந்தால் பெரிய தொகை கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர், வேலையில் மனமே இல்லாமல் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு இருக்கலாம். 1958இல் நிர்வாக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் மார்ச்சும் ஹெர்பர்ட் சைமனும் வேலையை விடுவதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார்கள்: போக வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு, போவது எவ்வளவு எளிது. ஊக்கம் முதல் கேள்வியை மட்டுமே தொடும். வெளியே வேலை தாராளமாகக் கிடைக்கும் திறமை உள்ளவருக்கு எண்ணம் லேசாகத் தோன்றினாலே போதும், கிளம்பிவிடுவார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்கு முன் இரண்டு கணக்கு

முதல் கணக்கு, யார் எப்போது போனார்கள் என்பது. வெளியேற்ற விகிதம் என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த 24 பேரையும் பணிக்காலத்தைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். சேர்ந்து ஆறு மாதத்துக்குள் 11 பேர், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை 6 பேர், அதற்கு மேல் 7 பேர் என்று வருகிறதென்றால், பிரச்சினையில் பாதி ஊக்கம் சார்ந்ததே அல்ல. அது ஆளெடுப்பில் இருக்கிறது. பிறகு அதே பட்டியலை யாருக்குக் கீழ் வேலை செய்தார்கள் என்று பிரியுங்கள். ஒரே டீம் லீடரிடமிருந்து ஐந்து பேர் போயிருந்தால், மற்ற ஒன்பது குழுக்களுக்கும் சேர்த்து ஒரு திட்டம் போடுவது வீண் செலவு.

இரண்டாவது கணக்கு, ஒருவர் போனால் எவ்வளவு இழப்பு என்பது. இதைச் சம்பள மாதங்களில் போட்டால் ஒப்பிடச் சுலபம். புதியவர் முழு வேகத்துக்கு வர நான்கு மாதம் ஆகிறது, அதுவரை சராசரியாகப் பாதி வேலைதான் நடக்கிறது என்றால் 2 மாதச் சம்பளம் போச்சு. விளம்பரம், முகவர் கட்டணம், நேர்காணல் எடுத்தவர்களின் நேரம் எல்லாம் சேர்ந்து 1 மாதம். பழகிக்கொடுக்கும் சீனியரின் நேரம் இன்னொரு 1 மாதம். ஆக 4. எளிய வேலைக்கு இது ஒன்றுக்கும் குறையும். வாடிக்கையாளரைக் கையில் வைத்திருப்பவர், பழைய மென்பொருளின் உள்விவகாரம் தெரிந்த ஒரே ஆள் போன்றவர்களுக்கு எட்டைத் தாண்டும். நம் கணக்கில் 24 பேருக்கு 96 மாதச் சம்பளம் ஆண்டு இழப்பு. எந்தத் திட்டமும் இந்த 96இலிருந்து எதையாவது மீட்டுக் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் சம்பள உயர்வு

நூறு பேருக்கும் 5 சதவீதம் ஏற்றினால் ஆண்டுக்கு 60 மாதச் சம்பளம் செலவு. ஒருவர் போனால் 4 மாத இழப்பு என்பதால், செலவை மீட்கவே 15 பேரை நிறுத்தியாக வேண்டும். அதாவது 24 பேர் போன இடத்தில் 9 பேர்தான் போக வேண்டும். 5 சதவீதத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. வெளியே 20 சதவீதம் கூடுதலாகக் கூப்பிடுகிறார்கள் என்றால் 5 சதவீதம் யாரையும் யோசிக்கக்கூட வைக்காது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இந்தச் செலவு தொடரும் என்பது வேறு.

சம்பளத்தால் ஆட்களைப் பிடித்து நிறுத்தியதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு. 1913இல் ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட தொழிலாளர் படையை வைத்திருக்க அந்த ஆண்டில் மட்டும் 52,000க்கு மேற்பட்டவர்களைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். வெளியேற்றம் சரிந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுவார்கள். அது 5 சதவீத உயர்வு அல்ல, ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தப் பணமும் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் கிடைக்கவில்லை, ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அசெம்பிளி லைனில் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்யும் சலிப்பைத் தாங்குவதற்கான விலை அது. சலிப்பு அப்படியேதான் இருந்தது.

உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னதும் இதையொட்டியதுதான்: சம்பளம், மேற்பார்வை, பணியிட வசதி போன்றவை குறைந்தால் அதிருப்தி வரும், நிறைந்தால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். உற்சாகம் வேலையின் உள்ளிருந்து, சாதிப்பதிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் வரும் என்றார். அவருடைய ஆய்வு முறையின் மேல் நியாயமான விமர்சனங்கள் உண்டு. மனிதர்கள் நல்லது நடந்தால் தன்னால் என்றும், கெட்டது நடந்தால் பிறரால் என்றும் சொல்வது வழக்கம். அதை அவர் இரண்டு தனித்தனிக் காரணிகளாக எடுத்துக்கொண்டார் என்பது முக்கியமான ஒன்று. இருந்தாலும் செலவுத் திட்டம் போடுபவருக்கு அந்தப் பிரிவினை இன்றும் உபயோகமானது.

குறைவாக வாங்குபவர்களுக்கு மட்டும் சரிசெய்தல்

சம்பளத்தில் செலவிடுவதென்றால் எங்கள் தேர்வு இதுதான். மக்கள் சம்பளத்தைப் பார்ப்பது பக்கத்து நாற்காலியோடு ஒப்பிட்டுத்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஊழியர்களின் சம்பளம் இணையத்தில் பார்க்கக் கிடைத்தபோது டேவிட் கார்டும் மற்ற பொருளாதார அறிஞர்களும் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. தம் பிரிவின் நடுச் சம்பளத்துக்கு (எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கீழே இருந்தவர்களிடம் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களிடம் சொல்லும்படியான மகிழ்ச்சி எதுவும் கூடவில்லை. குறை உறுத்தும், நிறை மறந்துபோகும்.

செய்முறை எளிது. ஒரே வேலை, ஒரே நிலை என்று ஆட்களைக் குழுக்களாக்குங்கள். ஒவ்வொரு குழுவின் நடுச் சம்பளத்தை எடுங்கள். அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் கீழே இருப்பவர்களைக் குறியுங்கள். அவர்களில் வேலை திருப்தியாக இல்லாதவர்களை நீக்கிவிட்டு மிச்சம் எத்தனை பேர் என்று பாருங்கள். 18 பேருக்குச் சராசரியாக 10 சதவீதம் ஏற்றினால் செலவு சுமார் 22 மாதச் சம்பளம்; ஆறு பேரை நிறுத்தினால் மீண்டுவிடும். போன 24 பேரில் எத்தனை பேர் இப்படிக் கீழே இருந்தவர்கள் என்று திரும்பிப் பாருங்கள். 8 அல்லது 10 பேர் என்றால் தயங்காமல் செய்யலாம். 3 பேர்தான் என்றால், காரணம் பணம் இல்லை.

இந்தக் குறை பெரும்பாலும் எப்படி உண்டாகிறது தெரியுமா? புதிதாக வருபவருக்குச் சந்தை விலை கொடுத்து எடுக்கிறார்கள், உள்ளே இருப்பவருக்கு ஆண்டு உயர்வு மட்டும். நான்கு ஆண்டு விசுவாசமாக இருந்தவர், தான் பயிற்சி கொடுக்கும் புதியவரைவிடக் குறைவாக வாங்குவார். அது வெளியே தெரியாது என்று நிர்வாகம் நம்பும். டீக்கடையில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்சென்டிவ்

பொருளாதார அறிஞர் எட்வர்ட் லசியர் 2000இல் வெளியிட்ட சேஃப்லைட் ஆய்வு இதற்கு நல்ல சான்று. கார்களுக்குக் கண்ணாடி மாற்றும் அந்த அமெரிக்க நிறுவனம் மணிக்கூலியிலிருந்து எண்ணிக்கைக் கூலிக்கு மாறியது. ஒரு தொழிலாளியின் உற்பத்தி 44 சதவீதம் உயர்ந்தது. அதில் பாதிதான் இருந்தவர்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதி, வேகமானவர்கள் வந்து சேர்ந்து தங்கியதால் வந்தது. அப்படியென்றால் இன்சென்டிவ் எல்லோரையும் தக்கவைக்கும் கருவி அல்ல. யார் தங்குவது என்பதை மாற்றும் கருவி. வெளியேற்ற எண் குறையாமலேகூட நிறுவனத்துக்கு லாபமாக இருக்கலாம்.

சேஃப்லைட்டில் அது பலித்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் எத்தனை கண்ணாடி மாற்றினார் என்று எண்ண முடியும், சரியாகப் பொருந்தாவிட்டால் யார் பொருத்தியது என்றும் தெரியும். அந்த இரண்டும் இல்லாத வேலையில் இன்சென்டிவ் கெடுதல் செய்யும். வாடிக்கையாளர் சேவையில் அழைப்பு எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால், தீராத புகாரை வெட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். எழுதும் விதிகளிலும் கவனம் தேவை. ஊழியர் தன் தொகையைத் தானே ஒரு தாளில் கணக்கிட முடிய வேண்டும். பணம் அடுத்த மாதச் சம்பளத்தோடு வர வேண்டும். ஆறு மாதம் கழித்து வருவது அவர் மனதில் வேலையோடு சேராது. இலக்கை எட்டியவுடன் அடுத்த காலாண்டில் இலக்கை ஏற்றினால், அதன் பிறகு யாரும் முழு வேகம் காட்ட மாட்டார்கள். ஆட்கள் கசந்துபோய்க் கிளம்ப இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவுக்குப் பொதுவாகக் கொடுத்தால், என் உழைப்பால் என்ன மாறும் என்ற கேள்வி வந்துவிடும்.

தங்கினால் போனஸ்

இது ஊக்கத்துக்கான கருவியே அல்ல. ஒரு தேதி வரை ஆளைப் பிடித்துவைக்கும் கருவி. நிறுவனம் கைமாறும்போது, ஒரு பெரிய திட்டம் முடியும்வரை, ஒரு கிளையை மூடும்வரை என்று முடிவுத்தேதி தெளிவாக இருக்கும் இடத்தில் மிகச் சரியான தேர்வு. மற்ற இடங்களில் பணம் கைக்கு வந்த மறு மாதம் ராஜினாமாக் கடிதமும் வரும். முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுக்காமல் 6ஆவது மாதம் 25, 12ஆவது மாதம் 25, 18ஆவது மாதம் 50 சதவீதம் என்று பிரித்தால் அந்த விலகல் கொஞ்சம் குறையும். நிறுவனமே வேலையை விட்டு நீக்கினால் தொகை என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். எட்டுப் பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் என்றால் செலவு 16 மாதச் சம்பளம். அவர்கள் ஒவ்வொருவரையும் மாற்ற 8 மாதச் சம்பளம் ஆகுமென்றால் இருவர் தங்கினாலே போதும்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு ஏற்றிக் கொடுப்பதும் இந்த வகைதான். அவசரத்துக்கு ஒருவரை நிறுத்தலாம். ஆனால் அடுத்த மாதமே இன்னும் நால்வர் வெளியே நேர்காணலுக்குப் போய் ஆஃபர் கடிதம் வாங்கிவருவார்கள். சம்பளம் ஏற அதுதான் வழி என்று நிறுவனமே கற்றுக்கொடுத்துவிட்டது. அப்படி வெளியே போய்ப் பார்த்தவர்களில் ஓரிருவருக்கு அங்கேயே பிடித்தும் போய்விடும்.

நேரமும் இடமும்

இந்தப் பட்டியலில் சான்று மிக வலுவாக உள்ளது இதற்குத்தான். டிரிப்.காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பட்டதாரி ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. 2024இல் வெளியான முடிவின்படி, வேலையை விட்டவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், தூரத்திலிருந்து வருபவர்கள் ஆகியோரிடம் பலன் அதிகம்; மேலாளர்களிடம் வெளியேற்றம் குறையவில்லை.

பயணத்தையும் அதற்கான நேரத்தையும் சேமிப்பவருக்கு இது சம்பள உயர்வுக்குச் சமம், நிறுவனத்துக்குச் செலவு சொற்பம். தவறு நடப்பது விதியைத் தெளிவில்லாமல் விடும்போது. “மேலாளர் அனுமதித்தால்” என்று எழுதினால், ஒரு குழுவுக்கு இருக்கும், பக்கத்துக் குழுவுக்கு இருக்காது. ஒப்பீட்டு உறுத்தல் மறுபடியும் தொடங்கும். எந்த இரண்டு நாள் என்பதைக் குழு முழுவதற்கும் ஒன்றாக வையுங்கள். கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறுவதைவிடக் கொடுக்காமலே இருப்பது மேல்.

இயந்திரத்தோடும் கடை கவுன்டரோடும் கட்டுப்பட்ட வேலைக்கு வீடு என்ற பேச்சில்லை. அங்கே இதற்கு நிகரானது ஷிஃப்ட் அட்டவணை. இரண்டு வாரம் முன்பே வெளியிடுவது, வெளியிட்டபின் மாற்றாதிருப்பது, இரண்டு ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் மட்டும் போதும் என்று வைப்பது. நாளைக்கு வேலை எத்தனை மணிக்கு என்று இன்று இரவு தெரிந்துகொள்ளும் ஒருவரை எந்த விருதும் நிறுத்தாது.

பதவி உயர்வு

இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்கள் போவதற்கு, அடுத்து என்ன என்பதற்கு விடை இல்லாததே பெரும்பாலும் காரணம். ஆனால் பதவி கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆலன் பென்சனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், விற்பனையில் முதலிடம் பிடித்தவர்களைத்தான் நிறுவனங்கள் அதிகம் மேலாளராக்குகின்றன, அவர்களுக்குக் கீழே வந்தவர்களின் விற்பனையோ குறைகிறது என்று காட்டினார்கள். ஒருவரைத் தக்கவைக்கக் கொடுத்த பதவி அவருக்குக் கீழே உள்ள எட்டுப் பேரைத் துரத்தும்.

அதற்காகத்தான் இரட்டை ஏணி. மேலாளர் வழி ஒன்று, நிபுணர் வழி ஒன்று. நிபுணர் வழியில் மூன்று நான்கு படிகள், ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுத்தில். இரண்டு ஏணியிலும் ஒரே படியில் சம்பள வரம்பு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிபுணர் வழி ஆறுதல் பரிசாகிவிடும். சம்பளமும் பொறுப்பும் மாறாமல் ‘சீனியர்’ என்று மட்டும் சேர்ப்பது அவர் தன் சுயவிவரத்தை மெருகேற்ற உதவும், அதை வைத்து வெளியே வேலை தேடவும் உதவும்.

விருதும் பாராட்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதத்தின் சிறந்த ஊழியர் என்ற திட்டம் ஐந்தாவது மாதம் முறைவைத்துக் கொடுக்கும் சடங்காகிவிடும். என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக்குள் அவரிடம் நேரில் சொல்வது பயன் தரும், செலவும் இல்லை. சம்பளக் குறையும் மோசமான மேலாளரும் இருக்கும் இடத்தில் இதைச் செய்தால் கேலிக்குரியதாகும்.

மேலாளரைச் சரிசெய்தல்

நிறுவனங்கள் கடைசியாக வந்துசேரும் தேர்வு, முதலில் வர வேண்டியது. மிட்செல் ஹாஃப்மனும் ஸ்டீவன் டடெலிஸும் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் தரவை வைத்து 2021இல் காட்டியது: ஆட்களை நடத்தும் திறனில் ஊழியர்களே அதிக மதிப்பெண் கொடுத்த மேலாளரிடமிருந்து கணிசமாகக் குறைந்தவர்களே விலகுகிறார்கள். அதே மேலாளர்களால் மற்ற அளவுகோல்கள் தெளிவாக உயர்ந்ததாகத் தெரியவில்லை. தங்கவைப்பதும் உழைக்கவைப்பதும் வேறு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

செய்ய வேண்டியது பயிற்சி வகுப்பு அல்ல, வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக 25 நிமிடம். கேள்விகள் மூன்று: இந்த இரண்டு வாரத்தில் உங்களைத் தடுத்தது எது, எந்த வேலை உங்களிடம் இருக்கக் கூடாது, அடுத்து எதைக் கற்றுக்கொள்ள ஆசை. முதல் கேள்விக்கு வந்த பதிலில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் மேலாளர் தீர்த்திருக்க வேண்டும். தீர்க்காவிட்டால் மூன்றாவது சந்திப்பிலிருந்து “எல்லாம் நல்லாத்தான் சார் போகுது” என்ற பதில்தான் வரும். பத்து மேலாளர்கள், தலைக்கு ஒன்பது பேர் என்றால் இருதரப்பு நேரமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,950 மணி, சுமார் 11 மாதச் சம்பளம். நான்கு மாத இழப்பு வீதம் மூன்று பேர் நின்றால் மீண்டுவிடும். ஒருவருக்குக் கீழே பதினைந்து பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்லாதீர்கள், அது நடக்காது.

விலகும் நாளில் எடுக்கும் நேர்காணலை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். போகிறவருக்கு அனுபவச் சான்றிதழும் கணக்குத் தீர்வும் தேவை. “நல்ல வாய்ப்பு கிடைத்தது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதே கேள்விகளை ஆறு மாதம் கழித்து, மனிதவளப் பிரிவில் அவரோடு பழக்கமில்லாத ஒருவர் கேட்டால் வேறு பதில் வரும். இன்னும் மேலானது, இருப்பவர்களிடம் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்பது.

அந்த 11 பேர்

ஆறு மாதத்துக்குள் போனவர்களை மேலே சொன்ன எதுவும் நிறுத்தாது. சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை ஒன்று என்பதால் போனவர்கள் அவர்கள். சேரும் முன் அரை நாள் அந்த இடத்தில் உட்காரவைத்து, வேலையின் சலிப்பான பகுதியையும் காட்டிவிடுங்கள். சிலர் அப்போதே வேண்டாம் என்பார்கள், அது மிச்சம். சேர்ந்த அன்று மேஜை, கணினி, உள்நுழைவுக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். 7, 30, 60, 90ஆவது நாளில் மேலாளர் அல்லாத ஒருவர் பேசட்டும்.

எந்த வரிசையில்

ஆறு மாதத்துக்குள் போகிறவர்களே பாதி என்றால் ஆளெடுப்பு. வெளியேற்றம் சில குழுக்களில் குவிந்தால் மேலாளர். பரவலாக இருந்து, போனவர்களில் நடுச் சம்பளத்துக்குக் கீழிருந்தவர்கள் அதிகமென்றால் சம்பளச் சரிசெய்தல். பயணமும் ஷிஃப்டும் காரணமென்றால் நேரம். அனுபவசாலிகள் போகிறார்கள் என்றால் ஏணி. ஒரே சமயத்தில் மூன்றைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. பாதிக் குழுக்களில் மட்டும் தொடங்கி, மறு பாதியை அப்படியே விட்டு, ஒன்பது மாதம் பொறுத்துப் பாருங்கள். இரண்டு பாதியிலும் வெளியேற்றம் ஒரே அளவு குறைந்திருந்தால் அது உங்கள் திட்டத்தின் பலன் அல்ல, வெளியே வேலைச் சந்தை இறுகியிருக்கிறது. அது தளரும்போது தேங்கி நின்றவர்கள் ஒன்றாகக் கிளம்புவார்கள்.